நிறம் நூலிலா, கண்ணிலா?

சங்கத்தில் துணி ஒப்படைக்கும் நாளில் எழும் வழக்குகள் பலவகை. நீளம் குறைந்தது, இழை அறுந்தது, கரை வளைந்தது என்பன போன்றவை எளிதில் தீர்ந்துவிடும். கெஜக்கோல் பொய் சொல்லாது. இழை எண்ணும் கண்ணாடியும் பொய் சொல்லாது. தீராத வழக்கு ஒன்று உண்டு. அது நிறத்தைப் பற்றியது. "மாதிரியில் உள்ள சிவப்பு இதுவன்று" என்பார் பரிசோதகர். "தாங்கள் கொடுத்த நூலைத்தானே நெய்தேன், ஐயா" என்பார் நெசவாளர். இருவரும் ஒரே துணியையே பார்க்கின்றனர், இருவரும் நேர்மையாளரே. ஆயினும் முடிவில் கூலியிற் பிடித்தம் விழுவது ஒருவர்க்கே.

இவ்வழக்கின் அடியிற் கிடக்கும் கேள்வி மிகப் பழையது. நிறம் பொருளில் இருக்கிறதா, காண்பவர் கண்ணில் இருக்கிறதா? இஃது ஏடும் எழுத்துமாய் இருப்போர்க்கே உரிய விசாரம் என்றும், தறிக்குழியில் அமர்ந்திருப்பவர்க்கு இதனால் ஆவதொன்றில்லை என்றும் சிலர் எண்ணலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு குடும்பத்தின் வாரக்கூலியிற் பிடித்தம் உண்டா இல்லையா என்பதே அக்கேள்வியின் விடையைப் பொறுத்ததாயிருக்க, அது நம்முடைய கேள்வியன்றி வேறு யாருடையது?

இதற்கு நல்ல வெளிச்சம் கிடைத்ததும் ஒரு நெசவுச்சாலையிலேதான். பாரிசு நகரில் அரசினர்க்குரிய கோபலான் திரைச்சீலை நெசவுச்சாலை உள்ளது. 1824-ஆம் ஆண்டில் அதன் சாயப்பகுதிக்குத் தலைவராக மிஷேல் ஷெவ்ருல் என்னும் இரசாயன அறிஞர் அமர்ந்தார். அவரிடம் ஒரு முறையீடு வந்தது. நீலமும் ஊதாவுமான ஆடை மடிப்புகளில் நிழலைக் காட்டக் கருப்பு நூல் இடப்பட்டது. அக்கருப்பு போதிய கருமையின்றி வலுவிழந்து தோன்றுகிறது. ஆகவே சாயத்தில் பிழை இருக்க வேண்டும் என்பது முறையீடு. ஷெவ்ருல் பிற பட்டறைகளிற் சாயமிட்ட கருப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்திற் குறை ஒன்றும் இல்லை. தனியே வைத்தால் மை போலக் கருத்திருந்த நூல், நீலத்தின் பக்கத்தில் வைத்தவுடன் சோர்ந்து போயிற்று. அண்டை நிறமே அதன் கருமையைக் கெடுத்தது.

சாயமிட்டவர்க்கு அபராதம் விதித்துவிட்டு வேறு வேலை பார்ப்பது ஷெவ்ருலுக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் அதைச் செய்யாமல் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1839-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். இரு நிறங்கள் அருகருகே நின்றால் ஒவ்வொன்றும் மற்றதனைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கமாகத் தள்ளும் என்பது அதன் சாரம். செக்கச் சிவந்த துணிமேல் வைத்த சாம்பல்நிற நூல் சற்றே பச்சையாய்த் தோன்றும். அதே நூலைப் பச்சைத் துணிமேல் வைத்தால் செந்நிறச் சாயல் ஏறும். நூல் மாறவில்லை, சாயம் மாறவில்லை, ஆயினும் கண்ட நிறம் மாறிற்று. பிற்காலத்தில் சூரா முதலிய பிரெஞ்சு ஓவியர்கள் இவ்விதியைக் கொண்டே புள்ளி புள்ளியாகப் படம் தீட்டினர். ஓவியக் கூடங்களிற் பெரிதாகப் பேசப்படும் அவ்வழகுக்கு வேர் ஒரு சாயப்பட்டறைத் தகராறு என்பதை நம் அங்கத்தினர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஷெவ்ருல் 1889-இல் தம் நூற்றிரண்டாம் வயதில் மறைந்தார்.

ஆனால் ஷெவ்ருலின் விதி தறிக்கு முழுதும் பொருந்துவதில்லை. அகன்ற பட்டைகளுக்கே அது நன்கு பொருந்தும். கோடு மெலிந்து மெலிந்து இழையளவாகும்போது நேர்மாறான ஒன்று நிகழ்கிறது. வில்ஹெல்ம் ஃபான் பெட்ஸோல்ட் என்னும் செர்மானிய வானிலை அறிஞர் தரைவிரிப்புகட்குக் கோலம் வகுத்துப் பார்த்தபோது, ஒரே ஒரு நிறத்தை மாற்றினால் விரிப்பு முழுவதுமே வேறு நிறமாய்த் தோன்றுவதைக் கண்டு, 1874-இல் எழுதினார். மெல்லிய கோடுகளில் நிறங்கள் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. சிவப்பிடையே மெல்லிய கருங்கோடு ஓடினால் சிவப்பு கருகித் தோன்றும். அதே சிவப்பிடையே வெண்கோடு ஓடினால் வெளுத்துத் தோன்றும்.

குறிஞ்சிப்பாடித் தறிகளில் கட்டம் போட்ட கைலி நெய்தவர்கள் இதைப் புத்தகம் படிக்காமலே அறிவார்கள். அகன்ற கட்டத்தில் எடுப்பாக நின்ற பச்சை, பொடிக்கட்டத்தில் மங்கிப் போகிறது. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாய் நெய்த மயில்கழுத்துச் சேலையில், நூற்சிட்டத்தில் எங்கும் இல்லாத மூன்றாவது நிறம் ஒன்று மடிப்பிலே பிறக்கிறது. அந்நிறம் எங்கே இருக்கிறது? பாவில் இல்லை, ஊடையில் இல்லை, சாயத்தொட்டியிலும் இல்லை. இரண்டு நூலும் ஓர் ஒளியும் ஒரு கண்ணும் கூடும் இடத்தில்தான் அஃது இருக்கிறது. மாதிரி அட்டையில் ஒட்டியுள்ள ஓரங்குல நூலைத் துணியோடு வைத்து, "இது அதுவன்று" என்று தீர்ப்பளிப்பவர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே நம் குறை.

நம் பக்கத்துப் பெரியோர்க்கும் இஃது அறியாத செய்தியன்று. பெண்ணையாற்றுப் பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார் மரபிலே, 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்றொரு கொள்கை உண்டு. படிகம் தன்னைச் சார்ந்த பொருளின் நிறத்தைக் காட்டுவது போல உயிரும் தான் சார்ந்ததன் தன்மையாய் நிற்கும் என்று உவமை கூறுவர். அவர்கள் பேசியது உயிரைப் பற்றி. நாம் பேசுவது நூலைப் பற்றி. ஆயினும் ஒரு பொருளின் தோற்றத்தைச் சார்பினின்றும் பிரித்து அறுதியிட இயலாது என்னும் கூர்மை அவ்வுவமையில் இருக்கிறது. பெட்ஸோல்டின் கோடுகள் அப்படிகம் போலவே நடந்துகொள்கின்றன. ஷெவ்ருலின் பட்டைகளோ அதற்கு எதிராக நடக்கின்றன. எந்த அளவில் ஒன்று மற்றொன்றாகிறது என்பதைப் பொடிக்கட்டம் நெய்யும் கை அறியும்.

இனி ஒளியைப் பற்றி. கதிர்களுக்குத் தம்மளவில் நிறம் இல்லை, நிற உணர்வை எழுப்பும் ஆற்றலே உண்டு என்று நியூட்டன் 1704-இல் வெளியிட்ட நூலிலேயே கூறிவிட்டார். இரண்டு வேறு சாயங்கள் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலவே தோன்றி, மற்றொரு விளக்கின் கீழ் வேறுபட்டு நிற்கக் கூடும். ஒவ்வொரு சாயமும் ஒளியின் பகுதிகளை ஒவ்வொரு விதமாகத் திருப்பி அனுப்புவதால் வரும் விளைவு இது. சங்க அலுவலகத்துக் குழல்விளக்கில் மாதிரியோடு இம்மியும் பிசகாத நூல், முற்றத்து வெயிலில் வேறாகிவிடுகிறது. சாயமிட்டவர் வெயிலிற் பார்த்தார். வாங்கியவர் விளக்கிற் பார்த்தார். நெய்தவர் ஓட்டுச்சந்து வழியே விழுந்த ஒளியிற் பார்த்தார். மூவரும் கண்டது மூன்று சிவப்பு.

2015 பிப்ரவரியில் உலகமெங்கும் ஓர் ஆடையின் புகைப்படம் பரவிற்று. அதைப் பார்த்தவருட் பலர் நீலமும் கருப்பும் என்றனர். வேறு பலர் வெள்ளையும் பொன்னிறமும் என்று சாதித்தனர். ஒரே வீட்டில் ஒரே படத்தைப் பார்த்தவர்களும் உடன்படவில்லை. ஆடை உண்மையில் நீலமும் கருப்புமே. கண் தரும் செய்தியை மனம் அப்படியே ஏற்பதில்லை. 'இப்பொருள்மேல் எத்தகைய ஒளி விழுந்திருக்கும்' என்று தன்னையறியாமற் கணக்கிட்டு, அவ்வொளியைக் கழித்துவிட்டே நிறத்தை நமக்குக் காட்டுகிறது. ஆடை நிழலில் இருந்ததாக எண்ணிய மனம் நீலத்தைக் கழித்தது; வேறாக எண்ணிய மனம் கழிக்கவில்லை. அறிஞர் பலர் கூறும் விளக்கம் இதுவே. பல்லாயிரவர் தம் கண்ணின்மேல் ஆணையிட்டுச் சண்டையிட்ட ஒரு பொருளிலே, பரிசோதகர் ஒருவரின் கண்ணை மட்டும் நிறைகோலாக வைப்பது எவ்வாறு பொருந்தும்?

பயிரிடும் நம் அங்கத்தினர்கள் இதைத் துணிக்காரர் வழக்கென்று தள்ளிவிட வேண்டா. முந்திரிப்பருப்பைத் தரம் பிரிப்பதும் இதே கண்தான். ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதைக் கொண்டு 180, 210, 240, 320 என்று வெள்ளைப் பருப்புக்கு எண் இடுகிறார்கள். எண்ணிக்கை தராசுக்கு அடங்கும். 'வெள்ளை' என்பது எதற்கு அடங்கும்? மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளைப் பருப்பும் சற்றே கருகியது போலத் தோன்றும். நீலம் கலந்த விளக்கின் கீழ்ப் பழுப்பேறியதும் வெள்ளையாய்த் தேறும். அந்தி மங்கும்போது சிவப்பு முதலிற் கருகி நீலம் பின்னும் நிற்பதைச் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எடுத்துரைத்தார். மிளகாய் பறிப்போர், மணி ஐந்தரைக்குமேல் பழம் எது செங்காய் எது என்று தெரியவில்லை என்று சொல்வதும் அதுவே.

கண்ணிலேயே வேறுபாடு உடையவர்களும் உண்டு. அணுக்கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன் ஒரு கைத்தறி நெசவாளரின் மகன். சிவப்பும் பச்சையும் தமக்குப் பிறர்க்குப் போலத் தோன்றவில்லை என்பதை உணர்ந்து 1794-இல் அவரே அதைப் பற்றி எழுதினார். தம் கண்ணின் நீர் நீலமாயிருக்கும், அதுவே காரணம் என்று எண்ணித் தாம் இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தனர்; நீர் தெளிவாகவே இருந்தது. பாதுகாத்து வைத்த அக்கண்ணின் துணுக்கை 1995-இல் மரபணு முறையில் ஆராய்ந்து, பச்சை ஒளியை உணரும் ஒருவகை உயிரணு அவர்க்கு இல்லை என்று கண்டறிந்தனர். ஆண்களில் நூற்றுக்குச் சிலர்க்கு இத்தகைய குறை இருக்கிறது. அவருட் பலர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கின்றனர். பார்வை சோதிக்கப்படாத ஒருவர் நிறத்துக்குத் தீர்ப்பளிக்கும் நாற்காலியில் அமர்வதற்குச் சங்க விதிகளில் தடை ஏதும் நாம் காணவில்லை.

இவையெல்லாம் கண்ணைப் பற்றியவை. அழகைப் பற்றிய கேள்வி இதனினும் கடினமானது. அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நெய்வேலியே உரைகல்லாக இருக்கிறது.

1956 நவம்பர் 14-ஆம் நாள் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957 மே 20-ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது. அடுத்த ஆண்டில் மின்சாரம் பிறந்தது. அச்சுரங்கத்தின் விளிம்பில் நிற்பவர் யாராயினும் ஒருகணம் பேச்சிழப்பர். செம்மண் படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன, அடியிலே கருப்பு, நடுவே தேர்ச்சக்கரம் போன்ற சக்கரத்தில் வாளிகள் பூட்டிய இயந்திரம் மண்ணை அறுத்துச் செல்கிறது. நகரியத்திற்கு வரும் விருந்தினரை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது வழக்கமாய் இருந்துவந்தது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் இவ்வுணர்வுக்கு மருட்கை என்று பெயரிட்டு, அது பிறக்கும் வாயில் நான்கென்று கணக்கிடும். புதியதைக் காண்டல், மிகப் பெரியதைக் காண்டல், மிக நுண்ணியதைக் காண்டல், ஒன்று மற்றொன்றாய் ஆகியதைக் காண்டல் என்பன அவை. புதுமையும் பெருமையும் சுரங்கத்தில் உண்டு. மரம் கரியாகிக் கரி மின்னாகும் ஆக்கமும் உண்டு. அதே இயல் அழுகைக்கும் வாயில் நான்கு கூறுகிறது. அவற்றுள் ஒன்று இழவு, அதாவது உரியதை இழத்தல். சுரங்கத்தின் விளிம்பில் நின்று, தம் பாட்டன் ஊர் எந்தப் படியின்மேல் இருந்தது என்று விரலால் வானத்தைச் சுட்டிக் காட்டுவோர் நம் அங்கத்தினருள்ளும் உளர். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் மண் தோண்டும் இயந்திரங்கள் இறங்கிய படத்தை நாடெங்கும் பார்த்தார்கள். நிலம் பல ஆண்டுகட்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். அவ்வழக்கின் நியாயங்களுள் இங்கு நாம் புகவில்லை. ஆனால் அப்படத்தைப் பார்த்த உழவர் எவரும் இயந்திரத்தின் ஆற்றலை வியந்திருக்க முடியாது என்பது உறுதி.

அழகியல் நூலோர் இதற்கு ஒரு விளக்கம் தருவர். தன் இன்ப துன்பத்தில் அழுந்தியிருப்பவனுக்குச் சுவை தோன்றாது என்பதைச் சுவைக்கு நேரும் இடையூறுகளுள் ஒன்றாகக் காசுமீரத்து அபிநவகுப்தர் ஆயிரம் ஆண்டுகட்கு முன் குறித்தார். செர்மானிய அறிஞர் காண்ட், விருப்பு வெறுப்பற்ற நோக்கே அழகைக் காணும் நோக்கென்று 1790-இல் எழுதினார். எட்வர்டு புல்லோ 1912-இல் எழுதிய கட்டுரையிலே, கடலில் மூடுபனி சூழும்போது பயணிக்கு அச்சமே தோன்றும், அவ்வச்சத்தினின்றும் சற்றே விலகி நின்றால் பனியின் அழகு தோன்றும் என்று காட்டி, மனத்தளவில் ஒரு தொலைவு வேண்டும் என்றார்.

இவ்விளக்கத்தை நாம் பாதி ஏற்கிறோம். மற்றப் பாதியை மறுக்கிறோம். விலகி நிற்பவர் காணும் அழகு பொய்யன்று. ஆனால் விலகி நிற்றல் என்பது பெரும்பாலும் வசதியுடையவர்க்குக் கிட்டுவது. மூடுபனியின் அழகைப் பயணி காணலாம். மாலுமி அந்நேரத்தில் அழகு பார்த்தால் கப்பல் பாறையில் மோதும். மேலும், பற்றுடையவர் குறைவாகவே காண்கிறார் என்னும் முடிவு எவ்வாறு பெறப்பட்டது? செம்மண் படியைப் பார்த்து விருந்தினர் 'அழகிய சிவப்பு' என்று நின்றுவிடுகிறார். உழவரோ அதில் எது முந்திரிக்கு ஏற்ற மண், எது நீர் தாங்கும் மண், எவ்வளவு ஆழத்தில் ஈரம் நிற்கும் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் காண்கிறார். இவர் காண்பது மிகுதி. அதனோடு துன்பமும் சேர்ந்துவிடுகிறது. அவ்வளவே வேறுபாடு.

கொழும்பிற் பிறந்த தமிழறிஞர் ஆனந்த குமாரசுவாமி தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியதும் இதுவே. 1908-இல் இலங்கைக் கைவினைகளைப் பற்றி எழுதிய நாள் முதல், பின்னர் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் பணியாற்றிய நாள் வரையில், பயனையும் அழகையும் பிரித்து வைத்தது அண்மைக்காலத்துப் பிழை என்றே அவர் வாதாடினார். கண்ணுக்கு இனிமை என்பதோடு கலையை முடித்துவிடுவது அவர்க்கு உடன்பாடன்று. ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு நன்றாய்ப் பொருந்துவதில் அதன் அழகு இருக்கிறது என்பது அவர் கருத்து. உலர்ந்ததும் மடிப்பு நிற்கும் துண்டு, பத்து வெளுப்புக்குப் பின்னும் கரை கலங்காத சேலை ஆகியவற்றின் முன்னே இக்கருத்து எளிதில் விளங்கும்; கண்ணாடிப்பேழைக்குள் தொங்கும் சேலை முன்னே விளங்குவது அரிது.

கே. சி. எஸ். பணிக்கரும் அவர் மாணாக்கரும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவிய வரலாறு நம் கூட்டுறவாளர்கள் அறியத்தக்கது. ஓவியம் விற்று வயிறு வளர்க்க அக்காலத்தில் வழியில்லை. அவர்கள் மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பத்திக் துணிகளைச் செய்து விற்றே பணம் சேர்த்து நிலம் வாங்கினர். சாயத்துணி ஓவியத்தைத் தாங்கிற்று. அவ்வோவியர்களின் படங்களை இன்று பெரும் விலைக்கு வாங்குவோர், தாங்கிய துணியைக் கைவேலை என்று ஒருபடி கீழே வைக்கின்றனர். இவ்வேற்றத்தாழ்வுக்கு நியாயம் ஒன்றும் எமக்குத் தோன்றவில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. நிறம் என்பது நூலும் ஒளியும் அண்டையும் கண்ணும் கூடிச் செய்யும் கூட்டுறவு. அதில் ஓர் அங்கத்தினரை மட்டும் அழைத்துப் பொறுப்புக் கேட்பது முறையன்று. நிறத்தைக் காரணமாகக் காட்டிப் பிடித்தம் செய்யும் எந்தத் துணியும் பகலொளியில், முற்பகல் ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையே, வடக்கு நோக்கிய சாளரத்தருகே பார்க்கப்பட வேண்டும். நெய்தவர் உடனிருக்க வேண்டும். அவர் கண்ணும் ஒரு சாட்சி. மாதிரி நூலைத் தனியே ஒட்டாமல், அதே கட்டத்தில் நெய்த நான்கங்குலத் துண்டாக வைத்து, அதையும் வெயில் படாமல் பெட்டியிற் காக்க வேண்டும். சுவரில் ஈராண்டு தொங்கி வெளுத்த மாதிரியோடு புதுத்துணியை ஒப்பிடுவது நகைப்புக்கிடமானது. பரிசோதகர்களுக்கு ஆண்டுக்கொருமுறை நிறப்பார்வைச் சோதனை நடத்தச் செலவு மிகச் சிறிதே. முந்திரித் தரம் பிரிக்கும் மேசைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

இதனால் காலதாமதம் ஆகும் என்பர். ஆகும். மழைக்காலத்தில் வானம் மூடியிருக்கும் நாட்களில் தீர்ப்பைத் தள்ளிவைக்கவும் நேரும். கூலியை அதுவரை நிறுத்தி வைக்காமல் கொடுத்துவிட்டு, பிடித்தம் உண்டாயின் மறுவாரத்தில் சரிசெய்து கொள்வதற்குச் சங்கத்தின் கையிருப்பு இடங்கொடுக்குமா என்பதைப் பொதுக்குழுவே கணக்குப் பார்த்துச் சொல்ல வேண்டும். துணி பார்க்கும் மேசைமேல் விரிக்கச் சாயலற்ற சாம்பல்நிறத் துணி ஒன்றும் தேவை. அண்டை நிறம் தீர்ப்பைக் கெடுக்காதிருக்க அஃது அவசியம். அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. கருப்பும் வெள்ளையும் ஊடும் பாவுமாக நாலு கெஜம் நம் தறியிலேயே நெய்து கொள்ளலாம்.